நங்கூரம் போட்ட கப்பலுக்கு ஒரு லாஞ்சு: க்ரூயிங் மேலாளர்களுக்குத் திறந்த மடல்

சிங்கப்பூரில் அலுவலகம் வைத்துக் கப்பல்களை நிர்வகிக்கும் நிறுவனங்களில், கப்பலுக்கு ஆள் சேர்த்து அவர்களைப் பார்த்துக்கொள்ளும் க்ரூயிங் மேலாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலருடைய அலுவலகம் எனக்கு வெளியிலிருந்து தெரியும். ஷென்டன் வே, ஆன்சன் ரோடு பக்கம் உயரமான ஒரு மாடி. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினால் கடல். கடலில் வரிசையாகக் கப்பல்கள். அவற்றில் ஒன்றிரண்டு உங்களுடையதாகவும் இருக்கும். அந்தக் கப்பலிலிருந்து உங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் டெக் பையன்களைப் பற்றித்தான் இந்த மடல். கேட்கப்போவது ஒன்றே ஒன்று. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் சொல்கிறேன். உங்கள் கப்பல் சிங்கப்பூரில் நங்கூரம் போட்டு ஒரு நாளுக்கு மேல் நின்றால், கம்பெனி செலவில் ஒரு லாஞ்சு (ஆட்களை ஏற்றிப்போகும் படகு) அனுப்புங்கள். வாட்ச் (முறைப் பணி) இல்லாதவர்கள் கரைக்கு வந்து நாலைந்து மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பட்டும்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். என் அப்பா ஹார்பர் போர்டில் மூட்டை தூக்கியவர். நான் 1984-ல், பத்தொன்பது வயதில், டெக் பாயாகக் கப்பல் ஏறினேன். ஓஎஸ் (சாதாரண மாலுமி) ஆனேன், ஏபி (தேர்ந்த மாலுமி) ஆனேன், பதினோரு வருடம் கழித்து இறங்கினேன். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கும் மேல் லாஞ்சில் வேலை. முதலில் கிளிஃபர்ட் பியர் படகுத்துறை. 2006-ல் அதை மூடியபின் மரினா சவுத் பியர். ஏஜண்ட், சர்வேயர், மெக்கானிக், காய்கறிக் கூடை, உதிரிபாகப் பெட்டி, புதிதாக ஏறப்போகும் பையன், ஒப்பந்தம் முடிந்து சைன் ஆஃப் ஆகி வீட்டுக்குப் போகும் பெரியவர் என்று எல்லாவற்றையும் எல்லாரையும், கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும் ஆங்கரேஜுக்குக் கொண்டுபோய் வந்திருக்கிறேன். சும்மா ஊர் பார்க்க இறங்கியவர்கள் மட்டும்தான் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போனார்கள். கடைசி சில வருடங்களில் அப்படி ஒரு கூட்டம் லாஞ்சில் ஏறினால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

சரி, இந்த மடலை எழுத வைத்தது என்ன என்று சொல்கிறேன்.

என் மனைவியின் அண்ணன் மகன் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். ஆறு மாத ஜிபி ரேட்டிங் (மாலுமி) பயிற்சி முடித்து, சிடிசி என்ற மாலுமிப் புத்தகம் எடுத்து, கம்பெனி கிடைக்காமல் ஒன்றரை வருடம் அலைந்து, ஒரு வழியாக பல்க் கேரியர் (நிலக்கரி, தானியம் ஏற்றும் கப்பல்) ஒன்றில் ஓஎஸ்ஸாகச் சேர்ந்தான். ஏழாவது மாதத்தில் அவன் கப்பல் எண்ணெய் பிடிக்க இங்கே வந்தது. வந்த இடத்தில் ஜெனரேட்டர் பழுது. உதிரிபாகம் வருவதற்காக ஈஸ்டர்ன் ஆங்கரேஜில் ஐந்து நாள் நின்றது.

“மாமா, நீங்க சொன்ன ஃபிளையர் ராட்டினம் சுத்துறது தெரியுது. ராத்திரி முழுக்க ஊரே எரியற மாதிரி வெளிச்சம். வந்து அத்தை கையால ஒருவேளை சாப்பிட்டுட்டுப் போயிரலாமா?” என்று கேட்டான்.

வந்துவிடு மாப்பிள்ளை என்றேன். என் மனைவி சங்கரா மீன் வாங்கி வைத்துவிட்டாள். அவனும் இன்னும் ஆறு பேரும் கேப்டனிடம் கேட்டிருக்கிறார்கள். கேப்டன் நல்ல மனிதர், தடை சொல்லவில்லை. இங்கே இருக்கும் அலுவலகத்துக்கு மெயில் போட்டார். பதில் வந்தது: கரை இறங்க ஆட்சேபம் இல்லை, லாஞ்சு செலவைப் பணியாளர்களே ஏற்க வேண்டும். ஆங்கரேஜுக்குப் போகவர லாஞ்சு வாடகை நூற்றுக்கணக்கான வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இரவு நேரம் என்றால் அதற்கு மேல். ஏழு பேர் பங்கு போட்டாலும் ஓஎஸ் சம்பளக்காரன் இருமுறை யோசிப்பான். மூன்று பேர் பின்வாங்கினார்கள். நாலு பேருக்குப் பங்கு இன்னும் கூடியது. கடைசியில் யாரும் வரவில்லை.

அன்று மாலை நானும் என் மனைவியும் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் கடலோரத்துக்குப் போனோம். அவன் போனில் சொல்லிக்கொண்டே வந்தான்: இடப்பக்கம் ஒரு டேங்கர், அதற்கு அடுத்தது பச்சை ஹல், அதற்குப் பின்னால் நாங்கள். டெக்கில் நின்று டார்ச் அடிக்கிறேன் என்றான். ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்று என் மனைவி சொன்னாள்.

இந்தச் சங்கடம் எனக்குப் புதிதல்ல. எண்பதுகளின் கடைசியில் என் கப்பலும் இதே ஆங்கரேஜில் நாலு நாள் நின்றது. நான் இந்த ஊர்க்காரன். எங்கள் வீடு மரின் பரேடில், கடலைப் பார்த்த பிளாக்கில். டெக் ஆட்களின் மேஸ்திரியான போசன், கப்பலை ஓட்டும் பிரிட்ஜிலிருந்து பைனாகுலர் வாங்கித் தந்தார். அதில் பார்த்தால் எங்கள் பிளாக், எங்கள் மாடி, கொடியில் காயும் துணி வரைக்கும் தெரிந்தது. அப்போது நான் இருந்த கம்பெனி (பெயர் எதற்கு, இப்போது அது இல்லை) லாஞ்சு தராது என்றுவிட்டது. அம்மா கிளிஃபர்ட் பியருக்கு வந்து, எங்கள் கப்பலுக்குச் சாமான் ஏற்றிப்போகும் லாஞ்சுக்காரரிடம் டிஃபன் கேரியரைக் கொடுத்தனுப்பினார். ஹீவிங் லைன் (எறிகயிறு) போட்டு மேலே இழுத்தோம். மூடி திறந்து ரசம் பாதி கடலோடு போனது. மிச்ச ரசத்தை நாலு பேர் மெஸ் ரூமில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பின்னாளில் நான் லாஞ்சு வேலைக்குப் போனதற்கு அந்த டிஃபன் கேரியரும் ஒரு காரணம்.

டெக் வேலை உங்களுக்குத் தெரியாததல்ல. உங்களில் சிலர் கேடட்டாகத் தொடங்கி நாலு கோடு (கேப்டன்) வரை போனவர்கள்தான். ஆனாலும் மாடியில் உட்கார்ந்து நாளானால் சில விஷயங்கள் மறந்துவிடும், ஞாபகப்படுத்துகிறேன். காலையில் சிப்பிங். துருவைத் தட்டித் தட்டி, கை நடுக்கம் இரவு தூங்கும்போதும் நிற்காது. தட்டிய இடத்தில் பிரைமர், அதன்மேல் பெயிண்ட். அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடி துரு. நிலக்கரி இறக்கிய சரக்கு அறையை, அதாவது ஹோல்டைத் தானியம் ஏற்றுவதற்குக் கழுவுகிற நாட்களில் மூக்கிலிருந்து மூன்று நாளுக்குக் கறுப்பாக வரும். கப்பலைக் கட்டும் மூரிங் கயிறு இறுகி முறுக்கும்போது எழும் சத்தத்தைக் கேட்டவன் ஜென்மத்துக்கும் அந்தக் கயிற்றுக்கு நேராக நிற்க மாட்டான்.

சிங்கப்பூர் ஜலசந்தி நெருங்கினால் திருடர் பயம். ராத்திரியில் தீயணைப்புக் குழாயை விரித்துவைத்து, டார்ச்சோடு டெக்கைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். அது முடிந்து நங்கூரம் போட்டால் ஓய்வு என்று வெளியாட்கள் நினைப்பார்கள். உண்மை தலைகீழ். உலகத்திலேயே அதிகமாகக் கப்பல் எண்ணெய் விற்கும் துறைமுகம் நம்முடையது. 2024-ல் மட்டும் ஏறத்தாழ 5.5 கோடி டன். அந்த எண்ணெய் கொண்டுவரும் ஒவ்வொரு பார்ஜும் பக்கத்தில் வந்து ஒட்டும்போது கயிறு வாங்கிக் கட்டுவது யார்? சாமான் படகு வந்தால் அரிசி மூட்டை ஏற்றுவது யார்? சர்வேயர் வருவார், ஏணி கட்ட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து டெக் ஒன்பது மீட்டருக்கு மேல் இருந்தால் கயிற்றேணி மட்டும் போதாது, பக்க ஏணியையும் சேர்த்து இறக்க வேண்டும். அவர் இறங்கிப் போவார், அடுத்தவர் வருவார். ஆட்கள் ஏறி இறங்கும் படியில் கேங்வே வாட்ச் வேறு. கப்பலுக்கு சிங்கப்பூர் ஒரு பெட்டிக்கடை நிறுத்தம் மாதிரி. வண்டி நிற்கும், சாமான் ஏறும், இறங்காமல் உட்கார்ந்திருப்பவன் டெக்காரன்.

அப்படி இறங்கி என்ன செய்யப்போகிறான் என்று ஒரு மேலாளர் என்னிடமே கேட்டார். லாஞ்சில் வைத்துத்தான் கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். பதில் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டான். லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போவான். வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போடுவான். இல்லை, ஜும்மாவுக்குப் போவான், சர்ச்சுக்குப் போவான். வாழை இலையில் சாப்பிடுவான். முஸ்தபா கடையில் தங்கச்சிக்கு ஒரு கைக்கடிகாரம் பார்த்து, விலை கேட்டு, வாங்காமல் வருவான். அப்புறம் நடப்பான். இதுதான் முக்கியம். கப்பலில் இருநூறு மீட்டர் நீளம் இருந்தாலும், பைப்பைத் தாண்டாமல், படியில் முட்டாமல், தலை குனியாமல் ஒருவனால் ஐம்பது அடி நடக்க முடியாது. ஏழு மாதம் கழித்து ஆடாத தரையில், மரத்தடியில், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் நடப்பது என்னவென்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். திரும்பி லாஞ்சில் ஏறும்போது அவன் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் புரியும். நான் இருபது வருடம் பார்த்த முகம் அது.

நான் சட்டம் படித்தவன் அல்ல. ஆனால் இது சலுகையாக எழுதப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். 2006-ன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை சிங்கப்பூர் 2011-ல் ஏற்றது. 2013 ஆகஸ்ட் 20 முதல் அது நடப்பில் இருக்கிறது. எம்எல்சி என்று நீங்கள் சொல்வீர்களே, அதுதான். மாலுமியின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் ஏற்றபடி, வேலைக்கு இடையூறு இல்லாமல், கரை விடுப்பு தர வேண்டும் என்று அதன் 2.4-ஆம் விதி சொல்கிறது. கரை இறங்க மாலுமியிடம் விசா கேட்கக் கூடாது என்று கப்பல் போக்குவரத்தை எளிதாக்க வந்த 1965-ன் ஃபால் உடன்படிக்கை சொல்கிறது. ஆக, கதவு திறந்துதான் இருக்கிறது. கதவுக்கும் கப்பலுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரைக் கடக்க யார் காசு கொடுப்பது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

அந்தக் காசின் அளவைக் கொஞ்சம் பாருங்கள். ஏபி ஒருவருக்குக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமாக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழு 2025-க்கு வைத்த தொகை மாதம் 673 அமெரிக்க டாலர். ஓவர்டைம் எல்லாம் சேர்த்தால் கையில் கூடுதலாக வரும்தான், ஆனால் ஓஎஸ்ஸுக்கு அதைவிடக் குறைவு. அதில் ஊருக்கு அனுப்பி, தங்கச்சி கல்யாணக் கடன் கட்டி, மிச்சத்தில் லாஞ்சு வாடகை கொடு என்கிறீர்கள். கப்பலின் ஒரு நாள் வாடகைக் கணக்கில் அதே தொகை எந்த வரியில் விழுகிறது என்று உங்கள் கணக்காளரைக் கேளுங்கள், தேடித்தான் எடுப்பார்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். கப்பலில் ஆட்கள் குறைவு. நான் ஏறிய காலத்தில் டெக்கில் மட்டும் பதினைந்து பேர் இருந்தோம், இப்போது மொத்தக் கப்பலுக்கே இருபதைச் சுற்றித்தான். பாதிப் பேர் கரைக்குப் போயிருக்கும்போது நங்கூரம் பிடி விட்டு இழுபட்டால் யார் பார்ப்பது? நியாயமான கேள்வி. அதனால்தான் எல்லாரையும் விடச் சொல்லவில்லை, வாட்ச் இல்லாதவர்களை என்றேன். இன்று மூன்று பேர், நாளை மூன்று பேர். எண்ணெய் பார்ஜ் எப்போது வரும் என்று நிச்சயம் இல்லை என்பீர்கள். உண்மைதான், பார்ஜ் சொன்ன நேரத்துக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் ஐந்து நாள் நிற்கும் கப்பலில் ஐந்து நாளுமா பார்ஜ் வருகிறது? சர்வே, சாமான், எண்ணெய், பெயிண்ட் வேலை எல்லாவற்றையும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிவிடாமல், சேர்த்து முடித்துவிட்டு ஒரு பிற்பகலைக் காலியாக விடச் சொல்லி, டெக் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் சீஃப் மேட்டுக்கு ஒரு வரி எழுதினால் போதும். இருபத்துநாலு மணி நேரத்தில் பத்து மணி ஓய்வு, வாரத்தில் எழுபத்தேழு மணி ஓய்வு என்று எப்படியும் தாளில் எழுதியாக வேண்டும். அதில் கொஞ்சத்தை நிஜமாகவே ஓய்வாக்கலாமே. (தாளில் எழுதுகிற ஓய்வைப் பற்றி நான் ஆரம்பித்தால் அது வேறு மடல்.)

ஓடிப்போய்விடுவான் என்ற பயத்தையும் சிலர் மெதுவாகச் சொல்வார்கள். இருபது வருடத்தில் நான் கரைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவன்கூட லாஞ்சு நேரத்துக்கு வராமல் போனதில்லை. இரண்டு பேர் குடித்துவிட்டு வந்தார்கள், ஒருவன் மழையில் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தான். அவ்வளவுதான்.

இப்போதுதான் வைஃபை கொடுத்துவிட்டோமே என்பது புதிய பதில். எம்எல்சி திருத்தம் 2024 டிசம்பர் 23 முதல் நடப்புக்கு வந்ததில், மாலுமிகளுக்கு இணையத் தொடர்பு தர வேண்டும் என்பதும் ஒன்று. நல்ல விஷயம், வரவேற்கிறேன். நாங்கள் கிளிஃபர்ட் பியரில் போன் கார்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்கள். ஆனால் இன்றைய பையன் கேபினில் படுத்துக்கொண்டு, தேக்காவில் தீபாவளி விளக்கு போட்டிருப்பதை வீடியோவில் பார்க்கிறான். எழுந்து போர்ட்ஹோல் வழியாகப் பார்த்தால் அந்த ஊரே நிற்கிறது. வைஃபை இருப்பதால் இறங்க வேண்டாம் என்பது, சமையல் நிகழ்ச்சி போட்டுக் காட்டிவிட்டுச் சோறு எதற்கு என்று கேட்பது போல இருக்கிறது.

கோவிட்டில்தான் இந்த வழக்கம் முற்றிலும் விட்டுப்போனது. 2020-ல் ஒப்பந்தம் முடிந்தும் வீடு போக முடியாமல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான மாலுமிகள் கப்பலிலேயே கிடந்தார்கள். பணியாளர் மாற்றத்துக்கு வழி செய்ய நம் ஊர் அன்று மெனக்கெட்டதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் நிறுத்திவைத்த கரை விடுப்பு, நோய் போன பிறகும் பல அலுவலகங்களில் திரும்ப வரவில்லை. நிறுத்துவது சுலபமாக இருந்தது, செலவும் மிச்சமானது, யாரும் சத்தம் போடவில்லை. உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் செய்து 2025-ல் வந்த ஆய்வில், கால்வாசிக்கும் மேற்பட்ட மாலுமிகள் ஒப்பந்தம் முழுவதும் ஒருமுறைகூடக் கரை இறங்கவில்லை என்று இருக்கிறது. என் லாஞ்சின் காலி பெஞ்சுகளுக்கு அதில் கணக்கு இருந்தது.

இன்னொன்றும் வருகிறது. என் அப்பா வேலை பார்த்த தஞ்சோங் பகாரில் கப்பல் கட்டினால், மாலுமி கேட்டைத் தாண்டி நடந்தே ஊருக்குள் வந்துவிடுவான். அங்கே வேலை நின்றாயிற்று. நகரத்தை ஒட்டிய முனையங்கள் 2027-க்குள் துவாஸுக்குப் போக வேண்டும் என்பது திட்டம், அதற்கப்புறம் பாசிர் பாஞ்சாங்கும் 2040 வாக்கில் போகும். துவாஸ் பெரிய சாதனை, நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் துவாஸிலிருந்து தேக்காவுக்கு எம்ஆர்டியில் வர ஒரு மணி நேரத்துக்கு மேல். துறைமுக கேட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு வருவது தனிக்கதை. கன்டெய்னர் பெட்டிக் கப்பல் ஒரு நாள்தான் நிற்கும். அங்கே லாஞ்சுக்குப் பதில் ஒரு வேன். ஆங்கரேஜுக்கு இன்று மனது வைக்காதவர்கள் துவாஸுக்கு வைக்கப்போவதில்லை என்ற பயத்தில்தான் இதை இப்போதே எழுதுகிறேன்.

தெலுக் ஆயர் தெருவில் இருக்கும் நாகூர் தர்காவைப் பார்த்திருப்பீர்கள், உங்கள் அலுவலகத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் போகிற வழிதான். 1828-லிருந்து 1830-க்குள் கட்டியது. அன்று அந்தத் தெருதான் கடற்கரை. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் கப்பல் பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல, இறங்கியதும் முதலில் போய் நின்ற இடம் அது. இப்போது கடல் எங்கேயோ தள்ளிப் போய்விட்டது. நடுவில் உங்கள் கட்டடங்கள் நிற்கின்றன.

என் மாப்பிள்ளையின் கப்பல் ஆறாம் நாள் விடிகாலை நாலு மணிக்கு நங்கூரம் தூக்கியது. நங்கூரச் சங்கிலியில் ஒட்டிய சேற்றைத் தண்ணீர் அடித்துக் கழுவியது தான்தான் என்று மெசேஜ் போட்டிருந்தான். உங்க ஊர் மண்ணைத் தொட்டுட்டேன் மாமா, என்று சிரிக்கும் படம் ஒன்றும் கூட.

ஆஸ்திரேலியாவில் சரக்கு ஏற்றிவிட்டு வரும் வழியில் அந்தக் கப்பல் எண்ணெய்க்கு மறுபடி இங்கே நிற்கலாம் என்கிறான். அவன் கம்பெனி எது என்று நான் எழுதவில்லை. இதைப் படிக்கும்போது உங்கள் கம்பெனியாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் தோன்றினால், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் வரும் தேதி உங்கள் கையில்தான் இருக்கிறது. லாஞ்சுக்குச் சொல்லும்போது மரினா சவுத் பியருக்கு என்று சொல்லுங்கள். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்து பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன். அத்தையும் வருவாள்.

இப்படிக்கு,
மரின் பரேடிலிருந்து ஒரு பழைய ஏபி